முதலில் ஒரு வேட்டி

சென்ற ஐப்பசியில் அடைமழை விட்டிருந்த ஒரு விடியற்காலை, நம் ஊர்ப் பேருந்து நிலையத்தின் குழாயடியில், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர் உடம்பில் ஒரு நூலும் இல்லாமல் குந்தியிருந்தார். சடைபிடித்த தலை, முழங்காலில் ஆறாத புண், எதிரில் யாரோ நிற்பதுபோல் ஓயாத பேச்சு. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்தார்கள். கல்லூரிப் பையன்கள் இருவர் கைபேசியை உயர்த்திப் பிடித்தார்கள். தேநீர்க் கடைக்காரர் சொல்லி வந்த ரோந்துக் காவலர், தடியால் தரையைத் தட்டி, "எழுந்து போய்யா" என்று அதட்டினார். அவர் எழுந்தார், எங்கே போவதென்று அறியாமல் நின்றார். அப்போது பூக்கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள், கூடையை மூடியிருந்த ஈரத்துணியை உதறி எடுத்து, "சார், இதைச் சுத்தி விடுங்க, பாவம்" என்று நீட்ட, காவலர் ஒரு கணம் தயங்கி, தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தம் கையாலேயே அதை அவர் இடுப்பில் சுற்றி முடிச்சிட்டார். அதற்குமேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. புறப்பட நின்ற பேருந்தின் நடத்துநரிடம், "அண்ணே, கடைசி ஸ்டாப்புல எறக்கி விட்டுடுங்க" என்று சொல்லி ஏற்றி அனுப்பிவிட்டார்.

அந்தக் காவலரை நிந்திப்பதற்காக இதை எழுதவில்லை. முடிச்சிட்ட அந்தக் கையில் தயை இருந்தது. அந்தத் தயைக்குப் பிறகு எடுத்து வைக்கவேண்டிய அடுத்த அடி இன்னதென்று சட்டம் தெளிவாக எழுதி வைத்திருந்தும், அதை அவருக்கு எடுத்துச் சொல்வார் இல்லாமற் போனதே நம் வருத்தம்.

அந்த அடியைச் சொல்லுமுன், நிர்வாணமே குற்றமா என்று பார்ப்போம். பொது இடத்தில் பிறருக்கு இடைஞ்சலாக ஆபாசச் செயல் புரிவோரைத் தண்டிக்கப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294-ஆம் பிரிவு இருந்தது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையில் அதுவே 296-ஆம் பிரிவாகி, மூன்று மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. இப்பிரிவு பேசுவது ஆபாசத்தைப் பற்றி; நிர்வாணம் என்ற சொல்லே அதில் இல்லை. இரண்டும் ஒன்றல்ல என்பதை அறிய இந்த தேசத்தவருக்கு நியாயஸ்தலம் வேண்டியதில்லை. திகம்பர முனிவர்களையும் கும்பமேளாவின் நாகா சாதுக்களையும் கைகூப்பி வணங்குகிற ஜனங்கள் நாம். ஆயினும் நியாயஸ்தலமும் அதையே சொல்லியிருக்கிறது: நிர்வாணப் படம் ஒன்று நிர்வாணமாக இருக்கும் காரணத்தினாலேயே ஆபாசமாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. 2004 ஜூலை 15 அன்று இம்பாலின் காங்லா கோட்டை வாசலில், மனோரமா என்ற பெண்ணின் மரணத்துக்கு நியாயம் கேட்டு ஆடை களைந்து நின்ற பன்னிரண்டு தாய்மார்களையும், 2017 ஏப்ரலில் தில்லி வீதியில் அவ்விதம் ஓடிய நம் காவிரிப் பகுதி விவசாயிகளையும் ஆபாசக்காரர்கள் என்று கூற யாருக்கு நா எழும்?

பெண்கள் விடுதி வாசலிலும் பள்ளிக்கூடத் தெருமுனையிலும் வேண்டுமென்றே தன்னை வெளிப்படுத்திக்காட்டும் கயவன் வேறு. அவனைக் காவலர்கள் உடனே பிடிக்கவேண்டும். அதில் நமக்கு இரண்டாம் அபிப்பிராயம் இல்லை.

ஆனால் நம் ஊர்களின் வீதிகளில் நிர்வாணமாகத் திரிய நேர்ந்தவர்களை நினைத்துப் பாருங்கள், அவர்களில் மிகப் பலர் முனிவரும் அல்லர், போராட்டக்காரரும் அல்லர், கயவரும் அல்லர், சித்தம் நொந்தவர்கள். இவர்களுக்காக 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 100-ஆம் பிரிவில் வகுத்திருக்கும் விதி, ஒவ்வொரு காவல் நிலையத்தின் சுவரிலும் பெரிய எழுத்தில் ஒட்டத் தக்கது. தம் எல்லைக்குள் மனநோயுற்று, தம்மைத் தாமே பேணிக்கொள்ள இயலாமல் அலைகிறவர் என்று கருத இடமுள்ள எவரையும் பாதுகாப்பில் எடுத்துக்கொள்வது நிலைய அதிகாரியின் கடமை. எவ்வளவு விரைவில் இயலுமோ அவ்வளவு விரைவில், 24 மணி நேரத்துக்கு மேற்படாமல், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அவரைக் கொண்டுசேர்க்க வேண்டும். எந்த நிலையிலும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கலாகாது. வீடு வாசல் தெரியாதவராயின், காணாமற் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேடவேண்டும். பேருந்தில் ஏற்றி அடுத்த எல்லைக்குத் தள்ளிவிடுவதற்கு இதில் எங்கும் இடமில்லை. அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு, மனநல நிலையத்தில் இருப்பவரின் உடல் வெளித்தெரியாமல் அவர் மானம் காக்கப்பட ஏற்ற உடை தரப்படவேண்டும் என்கிறது. சுவருக்குள் இருப்பவருக்கு உள்ள மானம் தெருவில் நிற்பவருக்கு இல்லையா?

அன்று கைபேசியை உயர்த்திய அந்தப் பையன்களுக்கும் ஒரு வார்த்தை. ஒருவரின் மறைவிடத்தை அவர் சம்மதமின்றி, அவர் அந்தரங்கத்தை மீறும் சூழலில் படமெடுப்பதையும் பரப்புவதையும், அவர் பொது இடத்தில் இருந்தாலும்கூட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. அன்று அந்தப் பேருந்து நிலையத்தில் காவலர் யாரையாவது அதட்டியிருக்க வேண்டுமானால், அது குழாயடியில் இருந்தவரை அல்ல.

காவலர்கள் பக்கத்துச் சங்கடமும் நாம் அறியாததல்ல. அழைத்துச் செல்ல வண்டி கிடைப்பதில்லை, கிடைத்து மருத்துவமனைக்குப் போனாலும், "பேஷண்டுக்கு அட்டெண்டர் யாரு?" என்று கேட்டு வாசலிலேயே நிறுத்திவைப்பார்கள், நள்ளிரவு வரை நடைகூடத்தில் காத்திருந்து திரும்பிய ஒருவர், மறுமுறை பேருந்தைத்தான் நாடுவார். ஆகையால் உபதேசம் போதாது. ஒவ்வொரு நிலையத்தின் அலமாரியிலும் ரோந்து வண்டியிலும் சில வேட்டிகளும் நைட்டிகளும் போர்வைகளும் இருக்கவேண்டும். இரவிலும் எடுக்கிற ஒரு மருத்துவரின் தொலைபேசி எண் எழுத்தரின் மேஜைமேல் இருக்கவேண்டும். பெண்ணாயின் பெண் காவலரே அருகில் செல்லவேண்டும். பின்னாலிருந்து பாயாமல் முன்னால் வந்து, தடியை வண்டியிலேயே வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் பேசி, முடிந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, உடுத்தியதை அவர் அவிழ்த்து எறிந்தாலும் கோபியாமல் மறுபடியும் உடுத்துகிற பொறுமையைப் பயிற்சிப் பள்ளியிலேயே கற்பிக்கவேண்டும். கட்டிப்போடுவது மட்டும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஏர்வாடியின் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் சங்கிலியோடு பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தீயிலிருந்து ஓட முடியாமல் 28 பேர் மாண்ட துயரம் நம் மாநிலத்தில் நேர்ந்தது.

மருத்துவமனைகளுக்கும் ஒரு விண்ணப்பம்: காவலர் கொண்டுவருகிறவருக்கு அட்டெண்டர் கேட்காதீர்கள். யாருமில்லை என்பதனால்தானே அவர் காவலரோடு வந்திருக்கிறார்?

இந்த இதழ் அச்சுக்குப் போகுமுன், அன்றைய பேருந்தின் கடைசி நிறுத்தமான ஊருக்குச் சென்று, அரசு மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் விசாரித்தோம். பூக்கூடைத் துணி கட்டிய ஒருவர் வந்ததாக இரண்டு இடத்திலும் பதிவு இல்லை. அவர் பெயர் என்ன என்று கேட்டார்கள். அன்று குழாயடியில் கால்மணி நேரம் நின்றிருந்த நாம் அதை அவரிடம் கேட்டிருக்கவில்லை.