இலக்கத் தகடு எங்கே?

வலிகாமத்து உழவன் வெங்காயமும் புகையிலையும் ஏற்றுதற்கும், பருத்தித்துறை மீனவன் வலையும் பனிக்கட்டியும் ஏற்றுதற்கும் உதவுகின்ற சிறு பாரவண்டி, போர்க்களத்திற்கென்று பிறந்ததன்று. ஆயினும் 1987ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டுப் படையினர், டொயோட்டா பிக்கப் வண்டிகளிலே பிரான்சு தந்த ஏவுகணைகளை ஏற்றிக்கொண்டு, லிபியாவின் டாங்கிப் படையைப் பாலைவனத்தில் ஓட ஓட விரட்டினர். உலகம் அதற்கு ‘டொயோட்டாப் போர்’ என்று பெயரிட்டு வியந்தது. மக்களின் வண்டி போர்வண்டியான அன்றே, மக்களின் வண்டிகள் யாவும் ஐயத்திற்கு இலக்காயின என்பதை வியந்தோர் எண்ணினரல்லர்.

அதே ஆண்டு யூலை 5ஆம் நாள் நம் வடமராட்சியில் நடந்தது என்ன? நெல்லியடியில் பள்ளிக்கூடத்தைப் படைமுகாமாக்கி வைத்திருந்தது அரசு. அதன்மீது வெடிமருந்து நிரப்பிய லொறியை ஏற்றினர் புலிகள். பிள்ளைகள் படிக்கும் கூடமும் போர்க்கருவி, மூடை சுமக்கும் வண்டியும் போர்க்கருவி! எத்தரப்பை மெச்சுவது? பின்னர்ச் சாவடிதோறும் மூடைகளை இறக்கி ஏற்றித் தோள் தேய்ந்தவன் லொறிக்காரன்தானே!

ஆனால், இயக்கத்தின் குற்றத்தைக் காட்டி அரசின் குற்றத்தை மறைப்பார்க்கு நாம் துணைபோகோம். 2006 ஓகஸ்ட் 11இல் முகமாலையில் ஏ-9 பாதை மூடப்பட்டது. குடாநாடு பூட்டிய வீடாயிற்று. இரவெல்லாம் ஊரடங்கு, சந்திக்குச் சந்தி சாவடி. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும் அஞ்சிக் கதவடைத்துக் கிடந்தனர் மக்கள். அந்த இரவுகளிலேதான் இலக்கத் தகடற்ற வெள்ளை வான்கள் ஓடின, ஏறியவர் மீளவில்லை.

‘எமக்கும் அதற்கும் தொடர்பில்லை’ என்றனர் ஆட்சியாளர். அப்படியாயின் அது சாவடிகளைக் கடந்தது எங்ஙனம்? வான் என்று பெயர் பெற்றதனால் வானத்திற் பறந்ததோ? எரிபொருள் கிடைத்தற்கரிய அந்நாளில் அதற்கு எண்ணெய் வார்த்தவர் யாவர்? சிங்கள அன்பர்க்கும் இது புதுக்கதையன்று. 1980களின் இறுதியில் தென்னிலங்கையிலும் தகடற்ற வண்டிகள் அவர்தம் மைந்தரை ஏற்றிச் சென்றன.

2016இல் காணாமற்போனோர் அலுவலகத்திற்குச் சட்டம் வந்தது. 2018இல் வலிந்து காணாமலாக்குதலைக் குற்றமாக்கும் சட்டமும் வந்தது. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியிலே படங்களை ஏந்தித் தெருவோரத்தில் அமர்ந்த தாய்மார்க்கோ விடை வரவில்லை. சட்டம் இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது, வண்டியைத்தான் காணோமாம்!

இந்நாட்டில் வான் விளைவதில்லை. கப்பலில் வந்தது, சுங்கம் கடந்தது, மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஏட்டில் ஏறியது. தகட்டைக் கழற்றிவிடலாம், அடிச்சட்டத்திற் பொறித்த எண்ணை அவ்வளவு எளிதில் கழற்ற இயலாது. ஆகவே மற்றோர் ஆணைக்குழு வேண்டுமென நாம் கேட்கவில்லை. குடாநாட்டு முகாம்களின் வாகன ஓட்டப் பதிவேடுகளையும், சாவடிகளின் இரவுக் குறிப்புகளையும் நீதிமன்றில் வையுங்கள் என்கிறோம். 2006 ஓகஸ்ட் மாதத்து ஏட்டிலிருந்து தொடங்கலாம்.