எலியோடு கண்ணாமூச்சி: 'விளையாட்டு வழிக் கல்வி'யில் விளையாட்டு எங்கே?

எலியோடு கண்ணாமூச்சி விளையாட முடியுமா? முடியும் என்று காட்டினார்கள் பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். 2019-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு அது. ஒரு அறை, சில பெட்டிகள், ஒரு ஆய்வாளர், ஒரு எலி. ஜெயித்தால் தின்ன எதுவும் கிடையாது. கிச்சுகிச்சு மூட்டுவார்கள், அவ்வளவுதான். ஒளிந்த எலியைக் கண்டுபிடித்த பிறகும் சில சமயம் அது ஓடிப்போய் மறுபடி ஒளிந்துகொண்டது. ஆட்டத்தை முடிக்க அதற்கு மனசில்லை!

"சரி, இதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" உங்க வீட்டிலோ அக்கா வீட்டிலோ மூணு வயசுக் குழந்தை இருந்தால் சம்பந்தம் இருக்கு. 3 முதல் 8 வயது வரை விளையாட்டு வழியாகக் கற்க வேண்டும் என்கிறது தேசியக் கல்விக் கொள்கை 2020. அதற்கான கலைத்திட்டச் சட்டகம் 2022 அக்டோபரில் வந்தது. அடுத்த பிப்ரவரியில் 'ஜாதுயி பிடாரா' என்ற பெயரில் பொம்மைகளும் புதிர்களும் அடங்கிய பெட்டியும் வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் எதை விளையாட்டு என்கிறோம்?

விளையாட்டு என்பது ஒத்திகையா?

குட்டிகள் கட்டிப் புரள்வது பிற்கால வேட்டைக்கும் சண்டைக்குமான பயிற்சி என்றுதான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். சோதித்துப் பார்த்தபோது அது சரியாகப் பொருந்தவில்லை. பொருட்களோடு விளையாட விட்டு வளர்த்த பூனைக்குட்டிகள், அந்த வாய்ப்பே இல்லாதவற்றைவிட இரை பிடிப்பதில் கெட்டிக்காரர்களாக வரவில்லை என்று கண்டார் டிம் காரோ. கலஹாரியில் மீர்கேட்டுகளைப் பின்தொடர்ந்த லிண்டா ஷார்ப்புக்கும் இதே அனுபவம். குட்டியில் அதிகமாகச் சண்டை விளையாடியவை, வளர்ந்தபின் நிஜச் சண்டையில் அதிகம் ஜெயிக்கவில்லை.

அப்புறம் எதுக்குத்தான் விளையாடுதுங்க? கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் செர்ஜியோ பெல்லிஸ் குழு பல வருஷமாக எலிகளைப் பார்த்து வருகிறது. விளையாட்டில் ஒரு குட்டி இன்னொன்றின் பிடரியில் மூக்கை உரசப் பார்க்கும். நிஜச் சண்டையில் கடி விழுவது பின்புறத்தில். அசைவே வேற! இன்னொரு சோதனையில், சில குட்டிகளை ஜோடிக் குட்டிகளோடு வளர்த்தார்கள். சிலவற்றை விளையாட்டில் ஆர்வமில்லாத பெரிய எலியோடு வளர்த்தார்கள். விளையாடி வளர்ந்தவற்றின் முன்மூளையில் நரம்பணுக்களின் கிளைகள் கத்தரித்துச் சீராக்கியதுபோல இருந்தன. மற்றவற்றில் அப்படி இல்லை. அவசரப்படாமல் நிதானிக்கவும், எதிரில் இருப்பவரைப் பார்த்து நடந்துகொள்ளவும் உதவும் பகுதி அது. எப்போ விட்டுக்கொடுக்கணும், எப்போ நிறுத்தணும் என்பது அங்கேதான் படிகிறது போலும். தெரு நாய்க்குட்டி முன்னங்காலைத் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கி நிற்குமே, 'சும்மா விளையாட்டுக்குத்தான்' என்று மற்றதுக்குச் சொல்லும் சைகை அது.

எலியிலிருந்து நேராக எல்கேஜிக்குத் தாவக் கூடாது என்பதும் உண்மை. குழந்தைகளின் பாசாங்கு விளையாட்டு பற்றிய ஆய்வுகளை 2013-ல் அலசிய ஏஞ்சலின் லில்லார்ட் குழு, அது அறிவை வளர்க்கிறது என்பதற்கான சான்று பலவீனமாகவே இருக்கு என்றது. ஆகவே 'இந்தப் பொம்மை வாங்கினால் ஐக்யூ ஏறும்' என்பவரிடம் பர்ஸைத் திறக்காதீர்கள்.

பள்ளியில் என்ன கேட்பது?

விலங்குகளின் விளையாட்டைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதிய கார்டன் பர்கார்ட், தானாக விரும்பிச் செய்வதும், பயமோ பசியோ நெருக்காமல் இருப்பதும் விளையாட்டின் அடையாளம் என்கிறார். அப்படிப் பார்த்தால், டீச்சர் சொன்ன ஆப்பிளுக்குச் சிவப்பு அடிப்பது நல்ல பாடமாக இருக்கலாம், விளையாட்டு இல்லை.

வேடிக்கை என்னவென்றால், 2022 சட்டகமே இதைப் பிரித்துத்தான் பேசுகிறது: குழந்தை தானே நடத்தும் விளையாட்டு, ஆசிரியர் துணைநிற்கும் விளையாட்டு, ஆசிரியர் நடத்தும் விளையாட்டு. டைம்டேபிளில் எளிதாக உட்காருவது மூன்றாவது. பெற்றோரிடம் காட்ட ஒரு தாளாவது மிஞ்சும் அல்லவா? முதலாவதில் முழங்கால் சிராய்ப்புதான் மிஞ்சும்.

பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது 2009-ன் கல்வி உரிமைச் சட்டம். ஆனால் அது உரிமை தருவது 6 முதல் 14 வயதுக்கு. மூணு வயசுக்காரரின் விஷயத்தில் கேள்வி கேட்க வேண்டியவர் நீங்கதான். அட்மிஷனுக்குப் போகும்போது 'ஆக்டிவிட்டி' பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, யாரும் எதுவும் சொல்லித்தராத நேரம் ஒரு நாளில் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். முடிந்தால் அந்த நேரத்தில் போய் நின்று பாருங்கள். "எனக்கு இது வேணாம்" என்று ஒரு குழந்தை ஆட்டத்திலிருந்து விலகினால், அங்கே என்ன நடக்கிறது?