'ஹியர்பை' என்னும் சொல்

மாணாக்கர் எழுதும் விடுமுறை விண்ணப்பங்களில் ஆண்டு தவறாமல் வருகை தரும் ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. "எனக்குக் காய்ச்சல், ஹியர்பை நான் பள்ளிக்கு வரவில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். பிள்ளைகளை நான் கோபிப்பதில்லை. 'ஹியர்பை' என்றால் 'இதனால்' என்றல்லவோ அவர்கள் நெட்டுருச் செய்திருக்கிறார்கள்! தமிழில் 'இதனால்' இரண்டு வேலை பார்க்கும். "மழை கொட்டிற்று, இதனால் வாய்க்கால் உடைந்தது" என்பதில் அது காரணத்தைக் காட்டுகிறது. "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்" என்று தண்டோராக்காரன் கூவும்போது, கூவுதலே அறிவித்தலாகிவிடுகிறது. ஆங்கிலச் சொல்லுக்கு உரியது இந்த இரண்டாவது வேலை மட்டுமே. முதலாவதற்கு 'தேர்ஃபோர்' இருக்கிறது.

எழுதிய எழுத்தே காரியத்தை முடிக்கிறதா என்று பார்த்தால் போதும். 'ஐ ஹியர்பை ரிஸைன்' என்பது ராஜிநாமாவேதான். 'ஐ ஹியர்பை ஈட்' என்று எத்தனை முறை எழுதினாலும் பசி தீராது. ஆக்ஸ்ஃபர்டு தத்துவப் பேராசிரியர் ஜே. எல். ஆஸ்டின் 1955-இல் ஹார்வர்டில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், சொல்லே செயலாகும் வாக்கியங்களை இனங்காண இச்சொல்லை ஓர் அடையாளமாகக் காட்டினார். நாளை செய்யப்போவதற்கு இது ஆகாது.

நஞ்சை நிலமே ஜீவனமான தஞ்சை நாட்டில் இது வெறும் இலக்கண விஷயமன்று. சில வருஷங்களுக்கு முன் என் மாணவன் ஒருவனின் தகப்பனார் ஒரு காகிதத்துடன் வந்தார். மூன்று மா நிலத்துக்குப் பணம் முழுவதும் கொடுத்து, ஒரு குறுவையும் ஒரு தாளடியும் அறுத்துவிட்டார். "நெலம் நம்ம பேருக்கு ஆயிடுச்சுங்களா, ஐயா?" என்றார். காகிதத்தில் 'கிரயம் செய்து கொடுப்பேனாகவும்' என்றிருந்ததே தவிர, 'இதனால் கிரயம் செய்து கொடுத்தேன்' என்று இல்லை, பதிவும் ஆகவில்லை. விற்பதாகச் செய்துகொள்ளும் ஒப்பந்தம் ஒன்றினாலேயே நிலத்தில் பாத்தியதை உண்டாகாது என்கிறது 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு. சொன்னதும் மனிதர் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். நல்ல வேளை, விற்றவர் நாணயஸ்தர். மறு மாதமே பதிவு அலுவலகத்துக்கு வந்து கையெழுத்திட்டார்.

இச்சொல் மிகப் பெரிய இடமொன்றிலும் அமர்ந்திருக்கிறது. 1947-ஆம் வருஷத்து இந்திய சுதந்திரச் சட்டம் லண்டன் பார்லிமெண்டு இயற்றியது. 1949 நவம்பர் 26-இல் நம் அரசியல் நிர்ணய சபை ஏற்ற அரசமைப்பின் முகவுரையிலோ, இந்திய மக்களாகிய நாமே 'ஹியர்பை' என்று சொல்லி, அதை நமக்கு வழங்கிக்கொண்டோம். கொடுப்பவர் வேறு எவரும் இல்லை. தமிழ் வடிவத்தில் இதனை 'ஈங்கிதனால்' என்று பெயர்த்திருக்கிறார்கள். வகுப்பில் உரக்கப் படிக்கச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எனக்கும் முதலில் அச்சொல் கரடுமுரடாகத்தான் பட்டது. ஆனால் வெறும் 'இதனால்' என்று போட்டிருந்தால், காய்ச்சல் விண்ணப்பத்தின் குழப்பம் அங்கேயும் புகுந்திருக்கும்.