சாட்டிலைட் இருக்கும்போது தரை நிலையம் எதற்கு?

செல்போனில் மேப்பைத் திறந்தால், நீங்கள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறீர்கள் என்று காட்டுகிறதல்லவா? அதற்குப் பின்னால் ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. காந்த முள் காட்டும் வடக்கும் உண்மையான வடக்கும் ஒன்றல்ல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இடத்துக்கு இடம், வருடத்துக்கு வருடம் மாறும். அதைச் சரிசெய்யத்தான் 'உலகக் காந்த மாதிரி' என்ற கணக்கை அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வெளியிடுகின்றன. வட காந்த துருவம் எதிர்பார்த்ததைவிட வேகமாக நகர்ந்ததால் 2019இல் இதை முன்கூட்டியே திருத்த வேண்டியதாயிற்று. பின்னர் ஒரு புதிய பதிப்பு 2024 டிசம்பரில் வந்தது.

இதற்கான அளவுகளைத் தருவதில் சாட்டிலைட்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2013 நவம்பரில் மூன்று 'ஸ்வார்ம்' சாட்டிலைட்டுகளை அனுப்பியது. நடுக்கடல், பாலைவனம், துருவம் எதையும் அவை விடுவதில்லை. "அப்புறம் தரையில் பழைய கட்டடத்தில் உட்கார்ந்து அளப்பது வீண் செலவுதானே?" என்று என்னுடன் வேலை பார்க்கும் நண்பர்களே கேட்கிறார்கள். வீண் செலவு அல்ல என்பதுதான் என் கருத்து. மூன்று காரணங்கள் சொல்கிறேன்.

முதல் காரணம் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. காந்த நடுக்கோட்டுக்கு மேலே, சுமார் 105 கி.மீ. உயரத்தில், பகல் நேரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் பாய்கிறது. திருநெல்வேலிப் பக்கம் கிட்டத்தட்ட இதற்கு அடியில் வருகிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் அங்கே கிருஷ்ணாபுரத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. இந்த மின்னோட்டத்தால் வடக்கு நோக்கிய புலம் கூடுவதாகத் தரைக் கருவி சொல்லும். அதற்கு மேலே பறக்கும் சாட்டிலைட்டோ, குறைவதாகச் சொல்லும். இரண்டும் சரிதான்! மேலும், சாட்டிலைட் நம் ஊருக்கு மேலே சில நிமிடங்கள்தான் இருக்கும். மாற்றம் நேரத்தால் வந்ததா, இடத்தால் வந்ததா என்று அதை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். பாவும் ஊடையும் சேர்ந்தால்தான் சேலை என்பது எங்கள் காஞ்சிபுரம் பக்கம் குழந்தைக்கும் தெரியும்.

இரண்டாவது காரணம் செவ்வாய் கிரகம். சுற்றி வந்த சாட்டிலைட்டுகளை வைத்து அங்குள்ள காந்தப் புலத்தைக் கணித்திருந்தார்கள். 2018இல் 'இன்சைட்' கலம் தரையிறங்கி அளந்தபோது, அந்த இடத்தில் புலம் கணித்ததைவிடச் சுமார் பத்து மடங்கு அதிகமாக இருந்தது.

மூன்றாவதுதான் முக்கியமானது. 1859 செப்டம்பரில் சூரியனிலிருந்து வந்த மாபெரும் காந்தப் புயலில் பல நாடுகளில் தந்திக் கம்பிகள் தாறுமாறாயின. அப்போது ஏது சாட்டிலைட்? மும்பை கொலாபாவில் இருந்த நிலையம் அதைப் பதிவு செய்தது. புலம் சுமார் 1,600 நானோ டெஸ்லா சரிந்தது. நம் ஊர்ப்பக்கம் மொத்தப் புலமே சுமார் 40,000 நானோ டெஸ்லாதான். அந்தப் பழைய பதிவை வைத்துத்தான் அமெரிக்க, இந்திய விஞ்ஞானிகள் உள்ளிட்ட குழு 2003இல் அப்புயலின் பலத்தைக் கணக்கிட்டது. 1989இல் இதைவிடச் சிறிய புயலே கனடாவின் கியூபெக்கில் 60 லட்சம் பேரை ஒன்பது மணி நேரம் இருட்டில் வைத்தது.

மும்பையில் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும் நிலையத்தை அலிபாக்குக்கு மாற்றினார்கள். எப்படி? 1904 முதல் 1906 வரை இரண்டு இடத்திலும் சேர்த்து அளந்து, பழைய கணக்கையும் புதிய கணக்கையும் இணைத்த பிறகுதான் கொலாபாவை நிறுத்தினார்கள்.

டிராமுக்கு ஏன் இவ்வளவு பயம்? காந்த அளவு காட்டும் இலவச ஆப் ஒன்றை செல்போனில் போட்டுப் பாருங்கள். எங்கள் திருப்புட்குழியில் 40 மைக்ரோ டெஸ்லாவை ஒட்டிக் காட்டும். ஒரு கத்தரிக்கோலையோ ஸ்பீக்கரையோ பக்கத்தில் கொண்டுபோனால் எண் எகிறிவிடும். சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்தில் இப்படி ஒரு நிலையம் வைக்கவே முடியாது. ஊர்கள் வளர வளர, காந்த அமைதி உள்ள இடங்கள் குறைந்துகொண்டே போகும்.

வளர்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரயிலோ தொழிற்சாலையோ ஒரு நிலையத்தை நெருங்கினால், 1904இல் செய்ததுபோல முதலில் மாற்றிடம் கொடுங்கள், இரண்டு இடத்திலும் அளக்க அவகாசம் கொடுங்கள் என்கிறேன். பணம் இருந்தால் இன்னொரு சாட்டிலைட் அனுப்பலாம். விட்டுப்போன ஒரு வருட அளவை எந்தப் பணத்தாலும் திரும்ப எடுக்க முடியாது.

இதில் உங்களுக்கும் வேலை இருக்கிறது. உலக நிலையங்களின் அளவுகளை 'இண்டர்மேக்னெட்' அமைப்பு இண்டர்நெட்டில் இலவசமாகத் தருகிறது. நோட்பேடிலேயே திறக்கும் சாதாரண டெக்ஸ்ட் பைல்தான். ஏதாவது ஒரு நிலையத்தின் 2024 மே 10, 11 தேதிகளை டவுன்லோட் செய்து எக்ஸெல்லில் வரைபடம் போடுங்கள். அன்று வீசிய சூரியப் புயல் உங்கள் மானிட்டரில் தெரியும். தரை நிலையம் எதற்கு என்று அடுத்தமுறை யாராவது கேட்டால், அந்த வரைபடத்தைக் காட்டுங்கள்.