அப்பாவின் வெந்நீர்ப் பெட்டி

“கண்ணு, தண்ணி சூடே ஆகமாட்டேங்குது. ஆசிட் ஊத்தி உட்டரட்டுமா?”

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது அப்பாவிடமிருந்து வந்த அழைப்பு. “ஒன்னும் பண்ணாதீங்கப்பா, மாடிக்கும் ஏறாதீங்க” என்று நான் போட்ட சத்தத்தில் மீன்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அப்பாவுக்கு 71 வயது. இரண்டு முழங்காலும் சரியில்லை.

கோவையில் மோட்டார் பம்பு பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் தன் கையாலேயே ஒரு சூரிய வெந்நீர்ப் பெட்டி செய்தார். கறுப்புச் சாயம் பூசிய தாமிரத் தகடு, அதில் பற்றவைத்த ஒன்பது தாமிரக் குழாய்கள், மேலே கண்ணாடி, அதற்கும் மேலே தொட்டி. மோட்டார் கிடையாது. சூடான நீர் லேசாகித் தானே தொட்டிக்கு ஏறும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும். மார்கழிக் குளிரில் அம்மாவின் மூட்டுவலிக்கு அந்த வெந்நீர்தான் மருந்து.

சிக்கல் தண்ணீரில். சிறுவாணித் தண்ணீரின் சுவையைப் பற்றிக் கோவைக்காரர்கள் பெருமை பேசுவோம். எங்கள் வீடு இருக்கும் புறநகரில் குளிக்க, துவைக்க எல்லாமே போர் தண்ணீர்தான். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. இந்தியக் குடிநீர்த் தரநிலையில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லை என்றால் 600. எங்கள் கிணற்றில் 540. நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடு ஏற ஏறப் பிரிந்து குழாய்ச் சுவரில் கல்லாக ஒட்டிக்கொள்ளும். 60 டிகிரியைத் தாண்டினால் இன்னும் வேகமாக. என் வீவக வீட்டில் மூன்று வருடமாக ஓடும் கெட்டிலில் வெள்ளைப் படலமே இல்லை. ஊரில் அது ஒரு மாதம் தாங்காது.

தொலைபேசியிலேயே ஒன்று கேட்டேன்: “கண்ணாடி எப்படி இருக்கு?” தொட முடியாத சூடு என்றார். பெட்டி கொதிக்கிறது, தொட்டி ஆறிக் கிடக்கிறது என்றால் குழாய் அடைத்துவிட்டது என்று பொருள். இரண்டுமே வெதுவெதுப்பாக இருந்தால் கண்ணாடித் தூசியையோ உரிந்த சாயத்தையோ பார்க்க வேண்டும்.

நான்கு நாள் விடுப்பில் போனேன். தேக்கா மளிகைக் கடையில் ஒரு கிலோ எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், வாங்கிப் போனதற்கு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். உக்கடத்தில் கிடைக்காதாம்.

கழிவறை ஆசிட் ஏன் கூடாது? அது சுண்ணாம்போடு நிற்காது, இரும்புத் தொட்டியையும் தின்னும். குழாய்க்குள் வாயு பொங்கி, முகத்திலும் தெறிக்கும்.

விடிவதற்கு முன்பே பெட்டியைச் சாக்கால் மூடினோம். வெயிலில் காய்ந்த பெட்டிக்குள் தண்ணீர் விட்டால் கண்ணாடி விரிசல் விடலாம். தொட்டியைப் பிரிக்கப் போனபோதுதான் தெரிந்தது, அப்பா எல்லா இணைப்பையும் பற்றவைத்திருக்கிறார். “கசியக்கூடாதுன்னு செஞ்சேன்.” பட்டறை மனிதரின் நேர்த்தி, ஆனால் உப்புத் தண்ணீர் ஊரில் அதுதான் பிழை. இரு முனையிலும் அறுத்து, கழற்றி மாட்டும் யூனியன் போட்டோம். லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் வெதுவெதுப்பான கரைசலை ஊற்றி ஒரு மணி நேரம் விட்டோம். நுரைத்து நுரைத்து, கடைசியில் அரிசி கழுவிய தண்ணீர் போல வெளியே வந்தது. தெளியும்வரை அலசினோம்.

இதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். யார் ஏறுவது? அதனால் இன்னொரு யோசனை சொன்னேன்: பெட்டிக்குள் போர் தண்ணீரே போகக்கூடாது. தொட்டிக்குள் ஒரு தாமிரச் சுருள் வைத்து, பெட்டியிலும் சுருளிலும் மழைநீரை மட்டும் சுற்றவிடலாம். 2003இல் தமிழகத்தில் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது கட்டிய தொட்டி வீட்டில் இருக்கிறது. சுருளின் வெளிப்புறம் சுண்ணாம்பு படியத்தான் செய்யும், ஆனால் கழற்றித் தேய்த்துவிடலாம். “சூடு கொஞ்சம் குறையுமே” என்றார். உண்மைதான். அம்மா குறுக்கிட்டார்: “கொஞ்சம் குறைஞ்சா பரவால்ல, நீங்க ஏறாம இருந்தாச் சரி.” அவர் பதில் சொல்லவில்லை.

போன வாரம் ஒரு படம் அனுப்பினார். சுருளை வளைத்து முடித்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பையன் அதைத் தூக்கிக்கொண்டு ஏணியில் நிற்கிறான். அப்பா கீழே நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார்.