கோவலனுக்கு ஒரு யோக்கியதாபத்திரம்

கோவலன் கதை என்றால் நம் ஜனங்களுக்குக் கண்ணீர் தானாகவே வந்துவிடுகிறது. பண்டிதர்களோ "ஐயோ, ஊழ்வினை!" என்று உருகிப் போகிறார்கள். இரக்கப்படுவதை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. களவு செய்யாத ஒருவனைத் தக்க விசாரணையின்றி வெட்டியது அக்கிரமமேயாகும். ஆனால், அவன் வெட்டுண்டதற்கு விடுகிற கண்ணீரைக் கொண்டு அவன் நடத்தைக்கும் சேர்த்துக் கணக்குத் தீர்த்துவிடுவது என்ன நியாயம் என்றுதான் கேட்கின்றோம்.

இவன் செய்ததென்ன? 1008 கழஞ்சு பொன் பெறும் மாலையை வாங்கிக்கொண்டு மாதவி வீடு புகுந்தான். முன்னோர் தேடிய பொருளைத் தொலைத்தான். ஒரு பாட்டைக் கேட்டுச் சந்தேகப்பட்டு அவளையும் விட்டு வந்தான். வந்தவன் வெட்கப்பட்டது வாஸ்தவம். ஆனால் பழியை மாதவியின் வஞ்சகத்தின்மேல் போட்டான். பிழைப்புக்கு முதலாக எடுத்ததோ கண்ணகியின் சிலம்பு! மதுரைக்குப் போகும் வழியில் மாதவியின் ஓலையைப் பார்த்த பிறகே, அவள்மேல் குற்றமில்லை, குற்றம் தன்னுடையதே என்று உணருகிறான். இதுவரையில் சரி, மனிதன் திருந்துவதற்கு இதுவே முதற்படி.

இந்தச் சமயத்தில்தான் மாடலன் என்னும் மறையவன் வந்து சேருகிறான். யானையிடமிருந்து கிழவனைக் காத்தாய், கீரியைக் கொன்றவளுக்குப் பொருள் கொடுத்தாய், பூதத்தினிடம் சிக்கியவனுக்காக உன் உயிரையே தர முன்வந்தாய் என்று அடுக்கி, இந்தப் பிறப்பில் உன்னிடம் நல்வினையே கண்டேன், இத்துன்பம் முற்பிறப்பின் பயன் போலும் என்று யோக்கியதாபத்திரம் கொடுத்துவிடுகிறான். ஊராருக்கெல்லாம் இரங்கியவன் வீட்டிலிருந்தவளுக்கு இரங்கினானா என்ற கேள்வியே அங்கு எழவில்லை. பிறகு கோவலன் வாயிலும் வல்வினையோ என்ற பேச்சு கலந்துவிடுகிறது. ஆயினும் கண்ணகிக்குத் தீங்கிழைத்ததை ஒப்புக்கொள்கிறான். அவளும் மழுப்பாமல், தகாததையே செய்தீர் என்கிறாள். காவியத்தில் நாம் மதிப்பது அந்த ஒரு பேச்சையே.

பாண்டியனாவது தானே கள்வன் என்று சொல்லி உயிர் விட்டான். அதையும் மதுராபதித் தெய்வம் வந்து கெடுத்துவிடுகிறது. முற்பிறப்பில் பரதன் என்ற பெயரோடிருந்த கோவலன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று காட்டிக் கொடுத்துக் கொல்வித்தானாம். சங்கமன் மனைவி நீலி இட்ட சாபம் இப்போது பலித்ததாம். ஆகவே பொற்கொல்லனும் கருவி, அரசனும் கருவி, கோவலனும் கருவி! குற்றவாளி யாருமில்லை, தாலியிழந்தவள் மாத்திரம் மிச்சம்.

இது பழங்கதைதானே என்று சொல்லாதீர்கள். மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் சுற்றுப்பக்கத்திலும் 2023-ம் வருஷம் மே மாதத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் பத்துப் பேருக்கு மேல் உயிர் குடித்தது. இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. கைதுகளும் தற்காலிக வேலைநீக்கங்களும் நடந்தன. பிறகு? அடுத்த வருஷம் ஜூன் மாதத்திலேயே பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் அதே விஷத்தால் 60 பேருக்கு மேல் மாண்டார்கள். "அவன் தலையெழுத்து" என்று இழவு வீட்டில் சொல்லும் ஆறுதல் வார்த்தை யாருக்கு ஆறுதல்? விதவைக்கா, விஷம் விற்றவனுக்கா, பார்த்தும் பாராதிருந்தவனுக்கா?

தோழர்களே! செத்தவருக்காக அழுங்கள், உதவியும் செய்யுங்கள். ஆனால் அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, செய்தவன் யார், தடுக்காதவன் யார் என்று கேளுங்கள். குடிக்கிறவன் தன் வீட்டுக்குச் செய்கிற தீங்கையும் அவன் முகத்துக்கெதிரே சொல்லுங்கள், கண்ணகி சொல்லவில்லையா? எழுதாத எழுத்தைத் தலையில் தேடுகிறவரையில், குற்றவாளி தலைநிமிர்ந்து நடந்துகொண்டுதானிருப்பான்.