நாக்குக்கு வைத்த பரீட்சை

ஒரே புட்டியிலிருந்து மூன்று கிண்ணங்களில் திராட்சை மதுவை ஊற்றுகிறார்கள். அவற்றை வேறு பல கிண்ணங்களோடு கலந்து ஒரு நிபுணர் முன் வைக்கிறார்கள். எந்தக் கிண்ணத்தில் எந்த மது என்பது அவருக்குத் தெரியாது. அவர் முதல் கிண்ணத்தை மோந்து பார்க்கிறார். ஒரு வாய் வைத்துக் கொப்பளித்துத் துப்புகிறார். 91 மார்க் போடுகிறார். சற்று நேரம் கழித்து அதே மது இரண்டாவது கிண்ணத்தில் வருகிறது. 87 போடுகிறார். மூன்றாம் தடவை வரும்போது 95!

மது ஒன்று, புட்டி ஒன்று, நாக்கும் ஒன்று. மார்க் மட்டும் மூன்று. இப்படி ஒரு கூத்து அமெரிக்காவில் வருஷா வருஷம் நடந்திருக்கிறது. அதை வெட்டவெளிச்சமாக்கியவர் மதுவிலக்குப் பிரசாரகர் யாருமல்லர். ஒயின் செய்து விற்ற ஒரு சின்ன முதலாளியேதான்.

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக மதுவைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அடியேனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆனால் பிறருக்கு மார்க் போடுகிறவர்களுக்கு யார் மார்க் போடுவது என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. அந்தக் கேள்வி குடிக்கிறவர்களுக்கு மட்டும் சொந்தமா, என்ன?

பேராசிரியரின் சந்தேகம்

கலிபோர்னியாவின் வட கோடியில், வானளாவிய செம்மரக் காடுகளுக்குப் பேர்போன ஹம்போல்ட் என்ற ஜில்லா இருக்கிறது. அங்கே பீல்ட்புரூக் என்னும் சிற்றூரில் ராபர்ட் ஹாட்ஜ்ஸன் என்பவர் ஒரு சிறிய ஒயின் சாலை நடத்தினார். அவருக்கு வேறு ஒரு தொழிலும் உண்டு. சர்வகலாசாலையில் கடலியல் சொல்லிக் கொடுத்த பேராசிரியர் அவர். கணக்கும் புள்ளிவிவரமும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

சின்ன முதலாளிக்கு விளம்பரம் செய்யப் பணம் ஏது? போட்டிகளில் பரிசு வாங்கினால்தான் புட்டியின் கழுத்தில் ஒரு தங்க முத்திரையை ஒட்டலாம்; கடைக்காரர் அதைக் கண்ணில் படும்படி வைப்பார். ஆகவே ஹாட்ஜ்ஸன் தம்முடைய நல்ல சரக்குகளைப் போட்டிகளுக்கு அனுப்பி வந்தார். ஒரு போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கிய மது இன்னொரு போட்டியில் சீந்துவாரின்றித் திரும்பி வந்தது. ஒரு குழு தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியதை, இன்னொரு குழு ஓரத்தில் தள்ளியது.

வேறொருவராயிருந்தால் தோற்றபோது நடுவர்களைத் திட்டி, ஜெயித்தபோது அவர்களையே புகழ்ந்து, காலத்தை ஓட்டியிருப்பார். இவர் பேராசிரியர் அல்லவா? தோல்வியில் மட்டும் இவருக்குச் சந்தேகம் வரவில்லை, வெற்றியிலும் வந்தது. நடுவர்களையே பரீட்சித்துப் பார்த்தால் என்ன என்று யோசித்தார்.

பரீட்சை நடந்த விதம்

கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியை ஒட்டி நடக்கும் ஒயின் போட்டி பழமையும் பெருமையும் வாய்ந்தது. அதன் ஆலோசனைக் குழுவில் ஹாட்ஜ்ஸனும் ஓர் அங்கத்தினர். அவர் தம் யோசனையைச் சொன்னபோது போட்டியை நடத்துகிறவர்கள் சம்மதித்தார்கள். இந்த நேர்மைக்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். தன் தராசைத் தானே சோதனைக்குக் கொடுக்கும் வியாபாரி லேசில் கிடைப்பதில்லை.

2005-ம் ஆண்டு தொடங்கி நான்கு வருஷங்கள் சோதனை நடந்தது. ஒவ்வொரு வருஷமும் 65 முதல் 70 நடுவர்கள். நான்கு பேர் கொண்ட குழுக்கள். வழக்கமான போட்டியின் நடுவே, ஒரே வரிசையில் சுமார் 30 கிண்ணங்கள் வரும். அவற்றில் சில மதுக்கள் மும்மூன்று தடவை, ஒரே புட்டியிலிருந்து ஊற்றப்பட்டுக் கலந்திருக்கும். மார்க் 80-லிருந்து 100 வரை.

முடிவை 2008-ல் ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளியிட்டார் ஹாட்ஜ்ஸன். ஒரே மதுவுக்கு ஒரே தரத்துக்குள் மார்க் போட்ட நடுவர்கள் ஏறக்குறையப் பத்துக்கு ஒருவர்தான்! சாதாரணமாக நாலு மார்க் மேலே அல்லது நாலு மார்க் கீழே ஆடிற்று. இன்னும் பத்தில் ஒரு பங்கினர், அதே மதுவுக்கு ஒரு முறை வெண்கலமும் மறுமுறை தங்கமும் வழங்கினார்கள். சரி, அந்தப் பத்தில் ஒருவராவது மெய்யான நிபுணரா என்று பார்த்தால், இந்த வருஷம் நிதானமாய் மார்க் போட்டவர் மறு வருஷம் கும்பலோடு கும்பலாகிவிட்டார்.

அடுத்த வருஷம், 2009-ல், அமெரிக்காவின் 13 போட்டிகளின் முடிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். மூன்று போட்டிகளுக்கு மேல் கலந்துகொண்ட மதுக்கள் 2,440. அவற்றில் நூற்றுக்கு 47 எங்காவது ஓரிடத்தில் தங்கம் வாங்கியிருந்தன. அப்படித் தங்கம் வாங்கியவற்றில் நூற்றுக்கு 84, வேறோர் இடத்தில் ஒரு பரிசும் பெறவில்லை! தங்கப் பதக்கத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு மிகப் பெரிது என்று அவர் முடிவு கட்டினார்.

இப்படிச் சொன்னதில் அவருக்கு லாபம் ஏதுமில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அவரும் பதக்கம் வாங்கியவர். பதக்கத்தால் பிழைக்கிற தொழிலில் இருந்தவர். பிறருடைய பதக்கம் மதிப்பிழந்தால் அவருடைய பதக்கமும் கூடவே மதிப்பிழக்கும். தெரிந்துதான் சொன்னார்.

நாக்கு தனியாக வேலை செய்வதில்லை

நடுவர்கள் மோசக்காரர்களா? இல்லவே இல்லை. மனுஷ நாக்கின் சுபாவம் அப்படி.

பிரான்ஸ் தேசத்தில் போர்தோ நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2001-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வாசனையற்ற சிவப்புச் சாயத்தை வெள்ளை ஒயினில் கலந்து, மது சாஸ்திரம் படிக்கும் 54 பேரிடம் கொடுத்தார்கள். அதை அவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய வார்த்தைகளாலேயே வர்ணித்தார்கள். கண் சொன்னதை மூக்கு நம்பிற்று.

2008-ல் கலிபோர்னியாவில் வேறொரு சோதனை. ஒரே ஒயினை, விலை 10 டாலர் என்று ஒரு முறையும் 90 டாலர் என்று மறு முறையும் சொல்லிக் கொடுத்தார்கள். விலை கூடியபோது ருசியும் கூடிவிட்டதாகச் சொன்னார்கள் குடித்தவர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மூளையைப் படம் பிடித்துப் பார்த்ததில், இன்பத்தை உணரும் பகுதியே அதிகம் வேலை செய்தது தெரிந்தது.

இதோடு களைப்பும் சேர்கிறது. சிவப்பு ஒயினில் உள்ள துவர்ப்பு, எச்சிலில் உள்ள புரதத்தோடு சேர்ந்து வாயை வறட்டிவிடும். பத்தாவது கிண்ணத்தில் இருக்கிற நாக்கு முதல் கிண்ணத்தில் இருந்த நாக்கு அல்ல. முப்பதாவது கிண்ணத்தைக் கேட்பானேன்?

சாப்பாட்டு மேஜையில்

எல்லாவற்றையும்விடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு என்பது என் அபிப்பிராயம். ஒயின் என்பது அந்த நாடுகளில் சாப்பாட்டோடு சேர்ந்த பொருள். போட்டியிலோ சாப்பாடு கிடையாது.

வெறும் வாயில் துவர்க்கும் சிவப்பு ஒயின், கொழுப்புள்ள மாமிசத்தோடு சேரும்போது பதமாகிவிடுகிறது. தனியே புளிக்கும் வெள்ளை ஒயின், எலுமிச்சை பிழிந்த மீனுக்குப் பக்கத்தில் சாதுவாகிவிடுகிறது. தித்திப்புப் பண்டம் தின்ற வாய்க்கு நல்ல ஒயினும் காடியாகத் தோன்றும். ஐரோப்பிய மது வியாபாரிகளுக்குள் ஒரு தந்திரம் உண்டு. சரக்கு வாங்கப் போகும்போது ஆப்பிளைக் கடித்துவிட்டு ருசி பார்ப்பார்கள். குறை அத்தனையும் வெளியே வந்துவிடும். விற்கும்போது பாலாடைக்கட்டியைக் கொடுத்து ருசி பார்க்கச் சொல்வார்கள். குறை அத்தனையும் மறைந்துவிடும். அநுபவத்தில் கற்ற பாடம் இது.

சிறிய ஒயின் சாலைக்காரர் தம் சரக்கைத் தம் வீட்டுச் சாப்பாட்டோடு, சிநேகிதர்களோடு, ஒரு முழு மாலை வைத்துப் பழகியவர். முதல் கிண்ணத்தில் பிகு செய்துகொண்டு, இரண்டாவதில் மனம் திறக்கும் மதுவும் உண்டென்று அவருக்குத் தெரியும். நடுவரோ ஒரே ஒரு வாயில் அதன் தலையெழுத்தை எழுதிவிடுகிறார். வரிசையில் முப்பது பேர் நிற்கும்போது சத்தம் போடுகிறவன்தான் கண்ணில் படுவான்; அடக்கமானவன் அடிபட்டுப் போவான்.

அப்படியானால் போட்டி வேண்டாமா?

வேண்டாம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் 1976-ம் ஆண்டு மே 24-ந் தேதி பாரிஸில் நடந்ததையும் நினைக்க வேண்டும். ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கில வியாபாரி, பிரெஞ்சு ஒயின்களையும் கலிபோர்னியா ஒயின்களையும் பெயரை மறைத்து ஒன்பது பிரெஞ்சு நிபுணர்களிடம் கொடுத்தார். வெள்ளையில் முதலிடம் ஷாட்டோ மாண்டலீனாவுக்கு; சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் சாலைக்கு. இரண்டும் அதுவரை உலகம் அறியாத கலிபோர்னியா சாலைகள்! புட்டியின் பெயர் தெரிந்திருந்தால் அந்த நீதி கிடைத்திருக்குமா? பெயரில்லாத சின்னவனுக்குக் கண்ணைக் கட்டிய நடுவரே துணை.

ஆகவே போட்டி இருக்கட்டும்; ஆனால் அதன் எல்லையை அது அறிந்திருக்கட்டும். ஹாட்ஜ்ஸனின் கணக்கிலேயே அதற்கு வழி இருக்கிறது. பிடித்ததைச் சொல்வதைவிடப் பிடிக்காததைச் சொல்வதில் நடுவர்கள் நிதானமாய் இருந்தார்கள் என்று அவர் கண்டார். கெட்டுப்போனதையும், காடியானதையும், தக்கையின் பூஞ்சை நாற்றம் ஏறியதையும் பழகிய மூக்கு கண்டுபிடித்துவிடும். எனவே நடுவர் குழு கல்லையும் பதரையும் களையும் முறமாக இருக்கலாம். களைந்து நின்ற நல்ல அரிசியில் எந்த மணிக்கு 91, எந்த மணிக்கு 94 என்று சொல்லத் துணிவதில்தான் வம்பு வருகிறது.

இன்னொன்று. நடுவராக வருகிறவர் யாராயினும், ஒரே பொருளை மூன்று முறை கொடுத்துச் சோதிக்கச் சம்மதிக்க வேண்டும். கூச்சப்படுவதற்கு இதில் என்ன இருக்கிறது? கடைத்தெருவில் எடைக்கல்லுக்கு முத்திரை கேட்கிறோம். பிறர் உழைப்புக்கு விலை சொல்கிற நாக்குக்கு மட்டும் முத்திரை வேண்டாமா? பரீட்சைத் தாள் திருத்துகிறவர்களும், கதைக்கும் பாட்டுக்கும் பரிசு கொடுக்கிறவர்களும் இதைத் தங்களுக்கும் சேர்த்துச் சொன்னதாக எடுத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

தோற்றவன் நடுவரைக் குறை சொன்னால் ஊர் சிரிக்கும். ஜெயித்தவன் தன் பதக்கத்தையே உரைகல்லில் உரைத்துப் பார்த்தான் என்றால், அந்தச் சோதனைக்குத்தான் முதலில் ஒரு தங்கப் பதக்கம் கொடுக்க வேண்டும்.